மதகில் தொங்கிய பூட்டு

ஆர்வோவின் பூட்டை வெட்டி எடுக்க யாருக்கும் கை வரவில்லை. அவர் அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய ஒரு காலையில், மேஸ்திரி டுவேன் ஆர்வோவின் மனைவி இர்மாவுக்குப் போன் செய்தார்.

"சாவி உங்ககிட்ட இருக்கா இர்மா? இல்லேன்னா வெட்டத்தான் வேணும். ஆனா இங்க ஒருத்தனும் கட்டரைத் தொட மாட்டேங்கிறான். நானுந்தான்."

சாவி ஆர்வோவின் கோட்டுப் பையில் இருந்தது. கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. இர்மா சாவியை எடுத்துக்கொண்டு, கோட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஊரின் கழிவுநீர் நிலையத்தில் ஆர்வோவும் சேர்ந்து புதிய தொட்டி கட்டி முடித்திருந்தார்கள். அதற்குள் இறங்குகிறவர் ஒவ்வொருவரும், அதற்குள் தண்ணீர் விடும் மதகின் சங்கிலியில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் அவரே கழற்ற வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மதகைத் திறக்க மாட்டார்கள். மறந்து வீட்டுக்குப் போனவன் எத்தனை மைலானாலும் திரும்பி வந்து கழற்றிவிட்டு, மறுநாள் எல்லோருக்கும் டோனட் வாங்கித் தர வேண்டும். ஆர்வோ ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை. கடைசியாக வேலைக்கு வந்த வெள்ளிக்கிழமைதான் மறந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டு சானாவில், அந்த நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்தவர், எழுந்து வரவில்லை.

பழைய தொட்டி உருகிய பனிநீரும் சேர்ந்து விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. வழிந்தால் நேரே ஆற்றுக்குத்தான் போகும். கிரேன் ஓட்டும் பெவ் இறங்கி வந்து இர்மாவின் கையில் காப்பிக் கோப்பையைத் திணித்தாள்.

"நாத்தம் ரெண்டு நிமிஷத்துல பழகிடும்பாங்க. எனக்கு அந்த ரெண்டு நிமிஷம் இன்னும் முடியல."

இர்மா சிரிக்க முயன்றாள். சங்கிலியில் அந்தப் பூட்டு தனியாகத் தொங்கியது. அடையாளத்துக்காக ஆர்வோ அதில் போட்டிருந்த எழுத்து, அவளிடம் கேட்காமல் எடுத்த நகப்பூச்சால் எழுதியது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே பாத்தேன்," என்றார் டுவேன். "போன் பண்ணியிருக்கலாம். திங்கக்கிழமை வந்து மாட்டிக்கட்டும், டோனட் கறந்துடலாம்னு விட்டுட்டேன்."

"அவர் மறக்கிற ஆளே இல்ல. அன்னிக்கே உடம்பு சரியில்லாம இருந்திருக்கும். வந்து சூப் வேணாம்னார். செஞ்சத வீணாக்குறீங்கன்னு நான் கோவிச்சுக்கிட்டேன்."

இர்மா சாவியை எடுத்தாள். எடுத்தவள் பூட்டின் அருகே போகவில்லை.

"தொறந்துட்டா உள்ள மறுபடி யாரும் பாக்க முடியாதுல்ல?"

"என் பேரன் தலை நரைக்கறப்போ வேணா தண்ணிய வடிச்சுக் காயப்போடுவாங்க."

"ஒரு தடவ எறங்கிப் பாக்கணும், டுவேன்."

டுவேன் பழைய தொட்டியைப் பார்த்தார். "தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும்மா."

"பாத்துட்டு வரட்டும்யா," என்றாள் பெவ். "ஊரு கொஞ்ச நேரம் அடக்கிக்கட்டும்."

தொட்டிக்குள் விஷவாயு இல்லை என்று சோதித்துவிட்டு, அவளுக்கு இடுப்புப் பட்டையை மாட்டி, டுவேன் அவளிடம் ஒரு பூட்டைக் கொடுத்தார். அவளே ஆர்வோவின் பூட்டுக்குப் பக்கத்தில் அதை மாட்டிவிட்டு ஏணியில் இறங்கினாள்.

உள்ளே குளிர் கெட்டியாக நின்றது. மூலைகளைச் சதுரமாக விட்டால் சேறு தங்கிவிடும் என்று அவற்றை வளைத்துப் பூசியிருந்தார் ஆர்வோ. சாப்பாட்டு மேசையில் கரண்டியால் அந்த வளைவை எத்தனையோ தடவை வரைந்து காட்டியிருக்கிறார். அவள் பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. இப்போது கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தாள். ஒரு விரல் தடம், ஒரு பூச்சுக் கரணையின் கோடு, எதுவும் அகப்படவில்லை. அவர் கை பட்டதே தெரியாத அளவுக்கு இழைத்துவிட்டிருந்தார். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் அவள் நான்கு மூலைகளுக்கும் போனாள். கடைசி மூலையில் மெல்ல அவர் பெயரைச் சொன்னாள். சுவர்கள் அதைத் தெளிவில்லாமல் திருப்பிச் சொல்லின. அதன் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் மேலே கேட்டது.

ஏறி வந்து முதலில் தன் பூட்டைக் கழற்றினாள். ஆர்வோவின் பூட்டு குளிரில் இறுகியிருந்தது. டுவேன் உதவிக்குக் கை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டார். அவள் உள்ளங்கைகளுக்குள் வைத்து அதைச் சூடேற்றினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு சாவி திரும்பியது.

மதகைத் திறக்குமுன் மேஸ்திரி உரக்கக் கேட்க வேண்டும். கடைசியாக ஏறி வந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும். டுவேன் மதகின் சக்கரத்தில் கை வைத்தார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"யாரும் இல்ல," என்றாள் இர்மா.

மறுபடி கிரேனில் ஏறியிருந்த பெவ் தயங்கித் தயங்கித்தான் கத்தினாள். "கேக்கல இர்மா!"

அவள் பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆறுவரை கேட்கும்படி சொன்னாள்.

"யாரும் இல்ல!"

டுவேன் சக்கரத்தைத் திருப்பத் தொடங்கினார்.