பிளேடு மாட்டாத வருஷம்

லெம்பி டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிற ஒரு இரும்புப் பின்னை இடுக்கியால் இழுத்துக்கொண்டிருந்தாள். ஷெட்டின் சிமெண்ட்டுத் தரை முதுகு வழியாகக் குளிரை ஏற்றியது. அந்தப் பின் வந்தால்தான் கோடையில் புல் வெட்டுகிற தட்டு இறங்கும். தட்டு இறங்கினால்தான் பனி தள்ளும் பிளேடைத் தாங்குகிற இரும்புச் சட்டம் உள்ளே போகும். பிளேடு மாட்டினால்தான் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கிற பனியைத் தள்ளி, நர்ஸ் கானியின் கார் வர வழி செய்ய முடியும். மருந்து கானியிடம் இருந்தது.

வீட்டுக்குள் அவள் கணவர் ரெய்னோ மருந்தில்லாமல் கிடந்தார். வயிற்றில் தொடங்கிய புற்று எலும்புக்குப் போய்விட்டது. இரண்டு நாளாக ஏரிப் பக்கமிருந்து அடித்த புயலில் கானியால் வரமுடியவில்லை. வலி கூடக் கூட மருந்துச் சொட்டும் கூடியதில், கடைசி பாட்டில் விடிவதற்குள் தீர்ந்துபோனது.

காலையில் போன் வந்தபோது கானி கேட்டது ஒன்றும் பெரிய கேள்வியில்லை. "ரோடு திறந்துட்டாங்க, இப்பதான் கிளம்பறேன். உங்க பாதையில பனி தள்ளியாச்சா?"

தள்ளவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தில் பாதை தள்ளாத வீடு என்றால் ஆளில்லாத வீடு என்று அர்த்தம். "மத்தியானத்துக்குள்ள தள்ளிடுவோம்" என்றாள் லெம்பி.

"அவருக்கு வலி எப்படி இருக்கு?"

"தாங்கிக்கிறாரு."

அதுவும் இந்தப் பக்கத்துப் பதில்தான். கால் உடைந்து கிடப்பவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். கானி நிம்மதியாக, "அப்படின்னா ஏரிக்கரையில இன்னொருத்தரைப் பாத்துட்டு மத்தியானம் வந்துடறேன்" என்று போனை வைத்துவிட்டாள். லெம்பி கோட்டை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

ஒவ்வொரு வருஷமும் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை ரெய்னோ இந்த வேலையை முடித்துவிடுவார். தட்டைக் கழற்றி, அடியில் அப்பியிருக்கிற புல்லைச் சுரண்டி, எண்ணெய் தடவிச் சுவரில் சாய்த்துவிட்டு, பிளேடை மாட்டுவார். டார்ச் பிடிப்பது லெம்பி. கல்யாணமான வருஷத்திலிருந்து பிடிக்கிறாள், அன்றிலிருந்தே திட்டும் வாங்குகிறாள். "என் மூஞ்சிக்கு எதுக்கு வெளிச்சம்? மூஞ்சியையா கழட்டப் போறேன்?" என்பார். எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு பிளேடை ஏற்றி இறக்கிப் பார்த்து, "ம்" என்பார். அவளைப் பாராட்டுவதும் அந்த 'ம்'மில்தான் அடக்கம்.

இந்த வருஷமும் அந்தச் சனிக்கிழமை வந்தது. அதற்குள் அவருடைய கட்டிலை ஜன்னலோரம் போட்டாகிவிட்டது. அங்கிருந்து ஷெட்டுக் கதவு நேராகத் தெரியும். பகல் முழுக்க இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்துக் கூட்டம் இந்தத் தடவை சீக்கிரமே தெற்கே போய்விட்டது என்று பேசினார்கள். புதுப் பாதிரியாருக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது என்று பேசினார்கள். பிளேடைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவள் எழுந்துபோய் மாட்டினால், இனி நீங்கள் எழுந்திருக்கப் போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். மாட்டச் சொல்லி அவர் கேட்டால் அவரே அதைச் சொன்னதாகிவிடும். இருட்டுகிறவரை பார்த்துவிட்டு லெம்பி திரையை இழுத்து விட்டாள்.

அந்த வாரமே அடுத்த பண்ணை ரூடி வாசலில் வந்து நின்றான். அவன் லாரியின் முன்னால் பெரிய பிளேடு உண்டு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "லெம்பி, இந்த வருஷம் உங்க பாதையையும் நானே தள்ளிடறேன். எனக்கு அது போற வழிதான்" என்றான்.

அவள் கட்டில் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அங்கே கேட்கும்படியாகவே சொன்னாள்: "எதுக்கு ரூடி? கொஞ்சம் தெம்பு வந்ததும் அவரே மாட்டிக்குவாரு."

ரூடியும் கட்டிலைப் பார்த்தான். "சரி" என்று தொப்பியை மாட்டிக்கொண்டான். இப்போது அவன் காட்டுக்குள்ளே வேட்டைக் குடிசையில் இருக்கிறான். அவன் மட்டுமில்லை, இந்த வட்டாரத்தில் நிமிர்ந்து நடக்கிற ஆண் பிள்ளை அத்தனை பேரும் அங்கேதான். குடிசைகளில் போன் கிடையாது. அது வேண்டாம் என்றுதானே அங்கே போவதே.

பின் ஒருவழியாக வந்தது. தட்டு ஒரு பக்கம் மட்டும் இறங்கி, அடியில் அப்பியிருந்த காய்ந்த புல் அவள் முகத்தில் உதிர்ந்தது. ஆகஸ்டில் ரெய்னோ கடைசியாக வெட்டிய புல். அவள் அதைத் துப்பினாள்.

ஷெட்டுக் கதவு கிறீச்சிட்டது. டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த மகன் டேரலின் பூட்ஸ் தெரிந்தது.

"அம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"இன்னொரு பின் இருக்கு."

"நீ எந்திரி. நான் பாக்கறேன்."

"உனக்குத் தெரியாதுடா."

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும். டார்ச்தானே புடிச்சே."

"டார்ச் புடிச்சவதான் எல்லாத்தையும் பாத்திருக்கா. நீ போயி அப்பா பக்கத்துல இரு."

பூட்ஸ் நகரவில்லை. "என்னால முடியலம்மா. பல்லைக் கடிக்கிறாரு, அந்தச் சத்தத்தைக் கேக்க முடியல. கையைக் குடுத்தா எலும்பு நொறுங்கற மாதிரி பிடிக்கிறாரு. வாய் விட்டுக் கத்தினாக்கூடத் தேவலை."

"கத்த மாட்டாரு."

"பாட்டில்ல சுத்தமா ஒண்ணுமில்லையா? கொஞ்சம் தண்ணி விட்டுக் கழுவியாவது..."

"கழுவிக் குடுத்தாச்சு. ரெண்டு தரம்."

டேரல் மூக்கை உறிஞ்சினான். ஐம்பதை நெருங்குகிற பிள்ளை. "போடா. ஜன்னல் திரையை விலக்கி விடு. வெளிச்சம் இருந்தா அவருக்குப் பிடிக்கும்" என்றாள். பூட்ஸ் திரும்பிப் போனது.

உள்ளதைச் சொன்னால், அவளாலும் முடியவில்லை. இந்த வேலையை அவள்தான் செய்யவேண்டும் என்றில்லை. பின் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்தால் டேரல் அவளைவிடச் சீக்கிரம் முடித்திருப்பான். அந்தக் கட்டிலோரத்தில் இன்னொரு மணி நேரம் உட்காரப் பயந்துதான் இடுக்கியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு உயிர் போகிற வலி. அவரைப் பிள்ளையிடம் தள்ளிவிட்டு இரும்போடு மல்லுக்கட்டுகிறாள். தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அப்போதும் அவள் எழுந்து உள்ளே போகவில்லை.

தட்டை இழுத்துப் போட்டாள். சட்டத்தைத் தரையோடு தள்ளிப் பின்சக்கர அச்சில் கொக்கியை மாட்டினாள். முன்பக்கத் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. சேராதபோது ரெய்னோ என்ன செய்வார் என்று யோசித்தாள். அவர் முதலில் வைவார். அவளும் வைதாள். பிறகு ஜாக்கியை வைத்து முன்பக்கத்தை ஒரு விரல் தூக்கினாள். துளைகள் சேர்ந்தன, பின் இறங்கியது. பிளேடைச் சட்டத்தில் மாட்டி, அதைத் தூக்குகிற கம்பியை லீவரோடு இணைத்தாள். சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டும்போது கை மரத்துப்போய் விரலைக் கொக்கியில் நசுக்கிக்கொண்டாள். ரத்தம் வந்தது, வலி தெரியவில்லை.

சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை முனகிவிட்டு மூன்றாவதில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட்டே அதிர்ந்தது. லெம்பி சீட்டில் ஏறி, பிளேடை இறக்கி, வெளியே வந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ள முடிந்தது. முன்னே போய்க் கடித்து, பக்கத்தில் ஒதுக்கி, பின்னால் வந்து, மறுபடி முன்னே. பனியை ஓரத்தோடு விட்டுவிடாமல் வேலிக்கு அப்பால் வரை கொண்டுபோய்த் தள்ளினாள். நவம்பரில் சோம்பல்பட்டு ஓரத்திலேயே குவிக்கிறவனுக்குப் பிப்ரவரியில் தள்ள இடமிருக்காது என்று வருஷா வருஷம் காதில் விழுந்த பேச்சு, கைக்குத் தானாக வந்தது. பிப்ரவரியில் இங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இன்ஜின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பாதை முழுக்க அவள் மனசு லேசாக இருந்தது. அந்த லேசை அவள் பிற்பாடு ஒருநாளும் தனக்கு மன்னிக்கவில்லை.

ரோட்டு முனையை உடைத்துத் திறந்தபோது சூரியன் நேர் மேலே இருந்தது. வண்டியைத் திருப்பினாள். வீட்டுப் படியில் டேரல் கோட்டு இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் வரும்வரை அவன் கையசைக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்ஜினை நிறுத்தாமலே இறங்கினாள்.

"எப்போ?"

"இப்பதான். நீ பெரிய மரத்தைத் தாண்டிப் போகும்போது." குளிரில் அவன் பல் கிட்டித்தது. "ஓடி வந்து கூப்பிட்டேம்மா. உனக்குக் கேக்கல."

"வலி?"

டேரல் கையை நீட்டிக் காட்டினான். அவர் பிடித்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"வண்டி சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தாரு. 'ரூடியா?'ன்னாரு. இல்லப்பா, அம்மான்னேன். அம்மாவே பிளேடை மாட்டிட்டான்னு சொன்னேன். சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன்."

"என்ன பண்ணாரு?"

"ஜன்னலையே பாத்தாரு. நீ போறதும் வர்றதும் தெரிஞ்சுது. அப்புறம் சுவத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு." அவன் கையால் முகத்தைத் துடைத்தான். "நான் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"நீ என்னடா பண்ணுவே. உள்ள போ, குளுருது."

ரெய்னோ சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். போர்வை ஒரு பக்கம் அவர் கையில் கசங்கியிருந்தது. லெம்பி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தாடையைத் தாங்கிப் பிடித்து மூடப் பார்த்தாள், அது மூட மறுத்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். இப்போது உட்கார முடிகிறது. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

"அம்மா, டிராக்டர் ஓடிக்கிட்டே இருக்கு" என்றான் டேரல்.

"ஓடட்டும். சவ வண்டி திரும்ப வாசல்ல இடம் பத்தாது. இன்னும் கொஞ்சம் தள்ளணும்."

கானியின் கார் சொன்ன நேரத்துக்கு வந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு சிரித்த முகமாகப் படியேறினாள். "எவ்வளவு சுத்தமாத் தள்ளியிருக்கீங்க. ரோட்டைவிட உங்க பாதை நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், டேரலின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். பிறகு கட்டிலுக்குப் போய்க் காதுக்குழலை வைத்துப் பார்த்துவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வலியிலயா போனாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

லெம்பி ஆமென்று தலையை ஆட்டினாள். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

கானி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "தாங்கிக்கிறாருன்னு சொன்னீங்களேம்மா."

"பாதை தள்ளலை. அதான்..."

"பாதை தள்ளலைன்னா என்ன? பனியில நடக்கிற வலைச்செருப்பு ஒரு ஜோடி எப்பவும் என் கார்ல கிடக்கும். ஏரிக்கரைக்காரர் வீட்டுலயும் தள்ளலை. தள்ளலைன்னு சொன்னாங்க, நான் காரை ரோட்டுல விட்டுட்டு நடந்தே போயிட்டு வந்தேன். அவருக்கு இவ்வளவு அவசரம்கூட இல்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையிலயே இங்க..." சொல்ல வந்ததைக் கானி பாதியில் விழுங்கிக்கொண்டாள்.

அவள் சொல்லி முடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஷெட்டில் லெம்பி படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில் மூன்று ஜோடி வலைச்செருப்புகள் தொங்குகின்றன. ரெய்னோவுடையது, அவளுடையது, டேரல் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போனது. காலையிலிருந்து அவற்றின் கீழேயே புரண்டுகொண்டிருந்தாள். ஒரு தரமும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கானி பையைத் திறந்தாள். மருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சீல் உடைக்காத புது பாட்டில். "இதை நான் திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாது. வேற யாருக்கும் குடுக்கவும் கூடாது. உங்க கண் முன்னாடியே அழிச்சிடணும். காபிச் சக்கை இருக்கா? அதுல கலந்துட்டா யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது."

"காலையில போட்டது இருக்கு."

லெம்பி பானையிலிருந்து சக்கையை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டி, பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். நசுங்கிய விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. கானி சீலை உடைத்து மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். நீல நிறத்தில் கெட்டியாக இறங்கிய மருந்து, சக்கையில் பட்டதும் நிறம் தெரியாமல் போனது. கடைசிச் சொட்டு விழுகிறவரை கானி பாட்டிலைக் கவிழ்த்தே பிடித்திருந்தாள்.

லெம்பி ஒரு கரண்டியை எடுத்து நன்றாகக் கலந்தாள். பையை முடிந்து குப்பைக்கூடையில் போட்டாள். கரண்டியைக் கழுவி, துடைத்து, டிராயரில் மற்றக் கரண்டிகளோடு வைத்தாள்.