கூண்டில் ஒட்டிய காகிதம்

ஆய்வகப் பாதுகாப்பு பற்றிய இரண்டு நாள் பயிலரங்குக்கு எங்கள் வேதியியல் துறையிலிருந்து போயிருக்க வேண்டியவர் துறைத் தலைவர். அந்த இரண்டு நாளும் மச்சினனோடு கார் பார்க்கப் போகும் வேலை அவருக்கு இருந்தது. அதனால் லேப் அக்காவை அனுப்பி வைத்தார்.

“சும்மா போய் உக்காந்துட்டு வாம்மா. கையெழுத்து கேட்டா என் பேரப் போடு. சாப்பாடு நல்லாருக்கும்.”

லேப் அக்கா பதினான்கு வருடமாக எங்கள் ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறார், அமிலம் கலக்குகிறார், எந்த உப்பு எந்தப் புட்டியில் இருக்கிறது என்பதைத் துறையிலேயே அவர் ஒருவர்தான் அறிவார். கூடவே ஓர் இருமலும் அவரிடம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை உச்சத்தில் இருக்கும், விடுமுறையில் காணாமல் போகும். அவ்வளவு ஒழுங்காகக் கல்லூரிக்கு வருவது அந்த இருமல் ஒன்றுதான்.

தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வேதித் தராசு மாதிரி, பக்கத்தில் யாராவது மூச்சு விட்டாலே ஆடிப்போவார். ஆகையால் தன் அறைக்கதவைச் சாத்தியே வைத்திருப்பார். உள்ளே ஏசி ஓடும்.

பயிலரங்கில் அக்காவின் மார்பில் குத்திய அட்டையில் தராசின் பெயரும் பட்டமும் இருந்தன. யாரும் அதைப் படித்துச் சந்தேகப்படவில்லை. ‘டாக்டர், டாக்டர்’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

“ரெண்டு நாள் டாக்டரா இருந்தேன்டா. மத்த டாக்டருங்க எல்லாம் பின்னாடி உக்காந்து ஃபோன் பாத்துட்டு இருந்தாங்க. நமக்குதான் அந்தப் பழக்கம் இல்லையே, எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன்” என்றார் அக்கா.

அதுதான் அவர் செய்த குற்றம். சான்றிதழ் தராசின் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போனது. பாடம் அக்காவின் கோடு போட்ட நோட்டுக்குள் போனது. சட்டத்துக்குள் போனதோடு நின்றிருந்தால் எந்த வம்பும் வந்திருக்காது.

திங்கட்கிழமை பெயர் ஒட்டாத புட்டிகளையெல்லாம் எடுத்துத் தனியே பூட்டினார். செவ்வாய்க்கிழமை கண் கழுவும் குழாயைத் திறந்தார். அதிலிருந்து முதலில் ஒரு பல்லி வந்தது, அப்புறம் துரு வந்தது, கடைசியில் தண்ணீரும் வந்தது. புதன்கிழமைதான் கூண்டுக்கு வந்தார்.

கூண்டு என்று நாங்கள் சொல்வது முன்பக்கம் கண்ணாடி வைத்த ஒரு பெரிய அலமாரி. நச்சு வாயு வரும் சோதனைகளை அதற்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அந்த வாயுவை இழுத்து வெளியே தள்ளும். ஸ்விட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும், ‘உம்ம்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பி நாங்கள் மூன்று வருடமாக அதற்குள் தலையை நீட்டி அழுகிய முட்டை வாசம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அக்கா ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கிழித்துக் கூண்டின் விளிம்பில் ஒட்டினார். “மோட்டார் இழுத்தா இது உள்பக்கமா சாயணும். பாடம் எடுத்தவரு பத்து தடவ சொன்னாரு” என்று ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. ‘உம்ம்’ கேட்டது. காகிதம் மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் தொங்கியது.

“அப்ப சத்தம் எங்கிருந்துக்கா வருது?” என்றேன்.

அக்கா சுவரில் காதை வைத்தார். கொஞ்சம் நகர்ந்து இன்னொரு முறை வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தராசின் அறை. நாங்கள் இத்தனை நாள் உயிரை ஒப்படைத்திருந்த சத்தம் அவருடைய ஏசியின் சத்தம்.

கல்லூரி எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கேட்டோம். மனிதர் கூச்சமே படவில்லை.

“ஏழு வருஷம் ஆச்சு. சாருக்கு ஏசி வந்தப்ப தனி லைன் இல்ல. இந்த மோட்டார் லைன் சும்மாதானே இருக்கு, அதுல குடுன்னாரு. வராந்தாவுல ஒரு மாத்து ஸ்விட்ச் வெச்சேன். மேல தள்ளினா ஏசி, கீழ தள்ளினா மோட்டார். பிராக்டிகல் நேரத்துல மாத்திக்கலாம்னு சொன்னாரு.”

“யாராச்சும் மாத்துனாங்களாண்ணே?” என்று கேட்டார் அக்கா.

“அத என்கிட்ட ஏம்மா கேக்கற? நான் ஸ்விட்ச் வெக்கிறவன். தள்ளுறது உங்க டிபார்ட்மெண்ட்டு.”

பதினான்கு வருட இருமலில் ஏழு வருடத்துக்கான கணக்கு அக்காவுக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. கூண்டின் கண்ணாடியை இறக்கிப் பூட்டினார். ‘இழுக்கவில்லை. பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி ஒட்டினார். தேதியும் போட்டார். தேதி போடவும் பயிலரங்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை தராசு வந்து பார்த்தார்.

“என்னம்மா இது? திங்கட்கிழமை பிராக்டிகல் எக்ஸாம். வெளியில இருந்து எக்ஸாமினர் வர்றாரு. இது என்ன, செத்த வீடு மாதிரி பூட்டி எழுதி ஒட்டியிருக்க?”

“மோட்டார் ஓடல சார். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் லைன மாத்திட்டா போதும்.”

“அன்னைக்கு எக்ஸாமினர் என் ரூம்லதானே உக்காருவாரு? அவர வேக விடச் சொல்றியா?”

“பசங்க சுவாசிக்கிறாங்களே சார்.”

“ஏழு வருஷமா சுவாசிக்கிறாங்க. யாராவது செத்தாங்களா?”

அந்தக் கேள்விக்கு ஏற்ற பதிலைத் தர எங்களில் ஒருவன் உடனே செத்துக்காட்டினால்தான் உண்டு. அவ்வளவு அக்கறை எங்கள் வகுப்பில் யாருக்கும் இல்லை.

“புது லைனுக்கு எழுதிப் போட்டிருக்கேன், வரும்போது வரும். இப்ப இந்தப் பூட்ட எடு. காகிதம் ஆடணும், அவ்வளவுதானே உன் பிரச்சன?” என்று உள்ளே போன தராசு ஒரு டேபிள் ஃபேனோடு திரும்பினார். கூண்டுக்குப் பின்னால், பழைய குழாய்க்காகப் போட்ட ஓட்டையில் அதைப் பொருத்தச் சொன்னார். ஃபேன் சுற்றியது. காகிதம் பரதநாட்டியம் ஆடியது.

“பாத்தியா?”

“சார், இது வெளிப்பக்கமா ஆடுது. உள்ள இருக்கறத பசங்க மூஞ்சியில அடிக்குது.”

தராசு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் நல்லதல்ல. “இங்க பாரு. திங்கட்கிழமை இதுல கைய வெச்சேன்னா, செவ்வாய்க்கிழமை நீ சைக்கிள் ஷெட்டுல டோக்கன் குடுத்துட்டு இருப்ப. லேப்புக்கு ஆள் கிடைக்கும்.”

அன்று மாலை புட்டிகளைத் துடைத்தபடி அக்கா என்னிடம் சொன்னார்: “ஷெட்டுக்குப் போனா இருமல் நிக்கும்டா, அது வேற விஷயம். ஆனா இந்த லேப்ப நான் கட்டி வெச்சிருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.”

திங்கட்கிழமை வந்தது. எக்ஸாமினர் நல்ல மனிதர்தான், வியர்வைதான் அவருக்கு ஆகாது. தராசின் அறையில் சான்றிதழைப் பார்த்துப் பாராட்டினார். ஆய்வகத்துக்கு வந்து காகிதம் ஆடுவதைப் பார்த்து, “ஏர்ஃப்ளோ எல்லாம் செக் பண்றீங்களே, பிரமாதம்” என்றார். தராசு அடக்கமாகத் தலைகுனிந்தார். காகிதம் ஒட்டிய கை பக்கத்திலேயே பீக்கர் ஏந்தி நின்றது.

என் எண் ஏழு. எனக்கு வந்த உப்பில் நைட்ரேட் இருந்தது. அமிலம் ஊற்றிச் சூடாக்கினேன். பழுப்பு வாயு அழகாகக் கிளம்பியது. மேலே போக வேண்டியது ஃபேன் புண்ணியத்தில் நேராக என்னிடம் வந்தது. கண் எரிந்தது, தொண்டையில் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல இருந்தது. பக்கத்தில் நின்றவள் சோதனைக் குழாயைப் போட்டுவிட்டுக் கதவுப்பக்கம் ஓடினாள். எட்டாம் எண் இருமி இருமிக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கண்டின்யூ பண்ணுங்க” என்றார் தராசு. எக்ஸாமினரைத் தோளில் அணைத்து ஏசி அறைக்குத் திருப்பினார்.

அக்கா பீக்கரைக் கீழே வைத்தார். ஃபேன் பிளக்கைப் பிடுங்கினார். அது ஒரு குற்றம். பிறகு வராந்தாவுக்குப் போனார். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அது இரண்டாவது.

தலைக்கு மேல் எங்கோ ஒரு மோட்டார் முனகியது, இருமியது, ஏழு வருடத் தூசியை உதறிக்கொண்டு எழுந்தது. விளிம்பிலிருந்த காகிதம் விறைத்து உள்பக்கமாகச் சாய்ந்தது. பழுப்பு வாயு என்னை மறந்துவிட்டு மேலே போனது. அடுத்த அறையில் ‘உம்ம்’ நின்றது.

இரண்டு நிமிடத்தில் தராசு வந்தார். “யாரு கைய வெச்சது?”

“நான்தான் சார்.”

“சொல்லியும் வெச்சியா?”

“பையன் கீழ உக்காந்துட்டான் சார்.”

பின்னால் எக்ஸாமினர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். கீழே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். “அட, இப்பதான் உள்பக்கமா இழுக்குது” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். விசாரித்து எழுத வேண்டிய இடத்தில் இருந்தவர் வியர்வையைத் துடைத்தார். இன்றைக்கும் எனக்கு அவர் மீது கோபம் போகவில்லை. தராசு எப்படிப்பட்டவர் என்று தெரியும், இவருக்கு என்ன வந்தது?

எக்ஸாமினர் அங்கேயே நின்றதால் தராசால் ஸ்விட்சைத் திருப்ப முடியவில்லை. மிச்சப் பேர் ஒழுங்காக மூச்சு விட்டு எக்ஸாம் முடித்தார்கள். மூன்று மணிக்கு எக்ஸாமினரின் கார் கிளம்பியது. மூன்றேகாலுக்கு ஆணை வந்தது. ‘கருவிகளை அனுமதியின்றிக் கையாண்டதால், நாளை முதல் வாகன நிறுத்துமிடம்.’ தட்டச்சில் ஒரு பிழைகூட இல்லை. காலையிலேயே அடித்து வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

நாங்கள் கல்லூரி முதல்வரிடம் போனோம். “நல்ல விஷயத்துக்குன்னே வெச்சுக்குவோம், ஒரு முறைன்னு இருக்கில்ல தம்பி?” என்றார். மூக்கில் வாயு போவதற்கு என்ன முறை என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார்.

அக்கா அலமாரிச் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். சண்டை போடலாம், போஸ்டர் ஒட்டலாம் என்று நான் படபடத்தேன்.

“போஸ்டர் அப்புறம் ஒட்டுடா. நாளைக்கு எந்த செட்டு?”

“செகண்ட் இயர்க்கா. முப்பத்திரண்டு பேரு.”

“அதுல உனக்குப் பழக்கம் எத்தன பேரு?”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஸ்விட்ச் மேலே இருந்தது, சுவருக்குப் பின்னால் ‘உம்ம்’ கேட்டது, ஃபேனும் திரும்பி வந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். முப்பத்திரண்டு பேரும் அவரவர் மேசை முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

“ஆரம்பிங்க!” என்றார் தராசு.

முன்வரிசையில் இருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள்: “உள்பக்கமா சாயட்டும் சார்.”