எட்டாவது குழாய்

கட்டிலில் அப்பா. தலைமாட்டில், வந்து வெகுநேரமாகியும் தோள்பையை இறக்கி வைக்காத அண்ணன். கால்மாட்டில், ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ். தரையில், ரம்பமும் கையுமாக அவள். அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

ஏழு குழாய்கள் ஏற்கெனவே கொடிக்கயிற்றால் கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தன. அவள் பிளம்பர் வேலை பார்க்கும் கட்டடங்களில் மிஞ்சிய பிவிசி துண்டுகள். குழாயின் வாயில் ரப்பர் செருப்பால் அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் சொல்லும். ஊத அப்பாவிடம் மூச்சு இல்லை; அடிக்கக் கை இருந்தது. கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை ஒரே ஒரு தடவை முழுசாக அடித்துவிட வேண்டும். அவர் கேட்டது அதைத்தான்.

“சாகக் கிடக்கிற மனுஷன் கையில செருப்பைக் கொடுத்திருக்கே,” என்றான் அண்ணன்.

“உன்னை அடிக்கத் தூக்கலையேன்னு சந்தோஷப்படுடா,” என்றார் அப்பா.

நர்ஸ் மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டாள்.

எட்டாவது குழாயை மகள் நீட்டிப் பிடித்தாள். அப்பா அடித்தார்.

“சுருதி மந்தமா இருக்கு.”

“என் அளவு தப்பாதுப்பா.”

“தப்பாது. ஆனா ஜாயின்ட்டுக்குள்ள போக நீளம் விட்டு வெட்டியிருக்கே, பாரு.”

பார்த்தாள். விட்டுத்தான் இருந்தாள். கை தானாகச் செய்திருந்தது. முந்தைய ஏழிலும் இதே தப்பைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டு வாங்கியிருந்தாள்.

“நானும் காலம்பூரா தையலுக்குத் துணி விட்டவன்தான். இது எதுக்குள்ள போய் நுழையப் போகுது? வெட்டு.”

வெட்டினாள். வளையம் போல ஒரு துண்டு கழன்று விழுந்தது. அப்பா மறுபடி அடித்தார். சத்தம் மேலே ஏறியது, போதவில்லை. அவளுக்கும் அது கேட்டது.

“இன்னும் கால் இஞ்ச் எடுக்கணும், ரெண்டு நூல்,” என்றாள்.

“ரெண்டு நூல்,” என்றார் அவரும்.

குனிந்து அறுக்க ஆரம்பித்தாள். பாதி போயிருக்கும். நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். நிமிர்ந்தபோது செருப்பு அப்பாவின் மார்பில் கிடந்தது. நர்ஸ் சிலிண்டரைத் திருகி மூடினாள். அறையில் அதுவரை இருந்த சீறல் நின்றது.

உடலை ஏற்றிப்போக வண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைத் தூக்கிப்போனார்கள். நர்ஸும் கூடவே போனாள். குழாய்களில் முட்டி இடுப்பைத் தேய்த்துக்கொண்ட அண்ணன், கயிற்றில் கை வைத்தான்.

“அவிழ்த்துடவா?”

“கையை எடு.”

எடுத்துவிட்டான். “வா. எல்லாரும் ஏறியாச்சு.”

“நீ போய் ஏறு. பாதி அறுத்தது அப்படியே கிடக்கு.”

“இப்பவா? அவரே போயிட்டாரும்மா.”

“தெரியும்.”

வெளியே ஹார்ன் அடித்தது. அண்ணன் அவளையும் தரையில் கிடந்த ரம்பத்தையும் பார்த்தான். தோள்பையை ஏற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“கொஞ்சம் இருப்பா, ஆள் வரணும்,” என்று டிரைவரிடம் கத்திக்கொண்டே படியிறங்கினான்.

அவள் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.