மூச்சிருக்கு

பின் சீட்டில் அப்பாவின் தலையை மடியில் ஏந்தியிருந்த வேலுத்தாய்தான் முதலில் சொன்னாள்.

“ஏங்க, பெட்ரோல் வாடை குடலப் புடுங்குது.”

“எப்பவும் அடிக்கிற வாடதாம்ட்டி.”

பூவனலிங்கத்துக்குப் பெண்டாட்டியைக் குறை சொன்னால்கூடப் பொறுக்கும். தன் பழைய அம்பாசிடரைச் சொன்னால் பொறுக்காது. எட்டயபுரம் தாண்டி வண்டி இரண்டு தரம் இருமிய பிறகுதான் ஓரங்கட்டினான்.

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். “என்னய வீட்டுல கொண்டு போட்டுரு தாயி” என்று கருத்தையா மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியே உயிர் போனவரின் சவம் எல்லைக்குள் வராது. ஓடைக்கரையில் கிடத்தி அங்கிருந்தே சுடுகாட்டுக்குத் தூக்கிவிடுவார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் காத்து நிற்பவர் அவருடைய அண்ணன் தங்கச்சாமி. போன தை மாதம் சொந்த மச்சினன் சவத்தையே ஓடைக்கரையில் போட வைத்த மனிதர். நாடி பிடித்துப் பார்த்து, மூச்சு இருக்கிறது இல்லை என்று சொல்வதும் அவர்தான்.

பூவனலிங்கம் பானெட்டைத் திறந்து பார்த்தான். கார்புரேட்டரிலும் பம்பிலும் ஈரமில்லை. தரையோடு தரையாகப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். பின் சக்கரத்துப் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெட்ரோல் குழாய் வழியே ஓடிவந்து பள்ளம் கண்ட இடத்தில் விழும். குழாயில் அப்பியிருந்த கரிசலில் எங்கே ஈரம், எங்கே மண் என்று பிரித்தறிய முடியவில்லை.

“வேலு, மாமாவுக்குப் பூசுன திருநீறு மிச்சம் இருக்கா?”

பொட்டலத்தை நீட்டினாள். குழாயைத் துடைத்துவிட்டு நெடுக வெள்ளையாகத் தூவினான். கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் திருநீறு கறுத்தது. கிளிப் கழன்று, குழாய் இரும்பில் உரசித் தேய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டிக்காரன் பீடியும் கையுமாக வேடிக்கை பார்க்க வந்தான்.

“ஏலே, பீடியத் தூரப் போடுல! எல்லாரும் சேந்தா போகணும்?” என்று அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் மாடுகளை முடுக்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

“துணி தொவைக்கிற பார் சோப்பு இருக்குல்லா? அது தண்ணிக்குத்தான் கரையும், பெட்ரோலுக்குக் கரையாது. அதையும் ஒரு கிழிசலும் குடு.”

அப்பாவின் தலையை மெல்லச் சீட்டில் இறக்கிவிட்டு வேலுத்தாய் கீழே இறங்கினாள். ஆஸ்பத்திரிப் பையைத் துழாவிச் சோப்பை எடுத்தாள், முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது அப்பாவின் வாய் திறந்திருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். நெஞ்சில் கையை வைத்தாள். ஒரு சோப்புக் கட்டியை எடுத்துக் கொடுக்கிற நேரத்துக்குள் போய்விட்டார்.

கத்த வந்தது. வாயைச் சேலையால் அடைத்துக்கொண்டாள். ஓடைக்கரையில் என் அப்பன் கிடக்கக் கூடாது. அதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. அவர் கண்ணை மூடிவிட்டு, தாடையைத் தாங்கி, தலையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள்.

பூவனலிங்கம் சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்த்து, கிழிசலைச் சுற்றிக் கட்டிவிட்டு வெளியே வந்தான்.

“ஒழுக்கு நின்னுட்டு. மாமா எப்பிடி இருக்காவ?”

“தூங்குதாவ.”

கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். அதுவரை குழி குண்டு பாராமல் விரட்டியவன், அதன் பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி ஏறி நிதானமாக ஓட்டினான். அவளுக்குத் தாடையைத் தாங்கிய கை மரத்துப்போனது. மாற்றவில்லை.

எல்லையில் நாலு பேரோடு தங்கச்சாமி நின்றிருந்தார். கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, பின் கதவைத் திறந்தார்.

“கருத்தையா.”

“மூச்சிருக்கு பெரியப்பா” என்றாள் வேலுத்தாய்.

தங்கச்சாமி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். அவர் பார்வை தாடையைத் தாங்கியிருந்த அவள் கைக்குப் போனது. கிழிந்த முந்தானைக்குப் போனது. முகத்துக்கு வரவில்லை.

“பெரியப்பா...”

“வெலகுங்கலே” என்றார் பின்னால் நின்றவர்களிடம். “தம்பிக்கு நாடி ஓடுது. வீட்டுக்குப் போகட்டும்.”

நடுவீட்டில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். பால் கேட்டு வாங்கிய தங்கச்சாமி, மற்றவர்களை வாசலிலேயே நிற்கச் சொன்னார். தானே உட்கார்ந்து ஒரு கரண்டி புகட்டினார். பால் கடைவாய் வழியே அப்படியே வழிந்தது. தோள்துண்டால் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி புகட்டினார். அதையும் துடைத்தார்.

பிறகு எழுந்து வாசல்பக்கம் போனார்.

“பால் எறங்கிட்டு. இப்பத்தான் அடங்குனான். கொட்டுக்காரனுக்குச் சொல்லிவிடுங்க.”

சொல்லிக்கொண்டே, துண்டின் ஈரப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.