திறந்த கதவில் ஒரு கை

போர்க்காலப் புகைப்படத்தில் நிற்கும் லாரி எந்தப் படையுடையது என்று ஹெர்மீனா சொல்லிவிட்டால், நெதர்லாந்தின் ஐசெல் ஆற்றின் இரு கரைகளிலும் அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவேதான் அந்தச் சனிக்கிழமை காலையில், பழைய ராணுவ லாரிகளைச் செப்பனிடும் சங்கத்தின் கொட்டகைக்கு ஆலேட் உலர்திராட்சை ரொட்டியோடு வந்திருந்தார்.

ஆலேடின் தந்தை ரூலொஃப், கனடியப் படை ஜெர்மானியரிடமிருந்து ஊரை மீட்ட நாளில் அவர்களுக்கு வழிகாட்டியவர் என்பது அக்குடும்பம் சொல்லிவந்த செய்தி. சதுக்கத்தில் எழவிருக்கும் நினைவுக்கல்லில் அவர் பெயரைப் பொறிக்க ஊர்க்குழு இசைந்திருந்தது. லாரி கனடியருடையது என்று ஹெர்மீனா உறுதி சொல்ல வேண்டும், அவ்வளவே. சான்றாக இருந்தது ஒரே ஒரு படம். லாரியின் திறந்த கதவைப் பிடித்தபடி ரூலொஃப் அதில் சிரித்துக்கொண்டு நின்றார்.

லாரியின் முகப்பு படத்துக்குள் வரவில்லை. கதவும், அதன் வழியே தெரிந்த ஸ்டியரிங்கும் மட்டுமே எஞ்சியிருந்தன. ஸ்டியரிங், கனடியப் படை லாரிகளில் இருப்பதைப் போல, வலப்பக்கம் இருந்தது. ஜெர்மானியர் வண்டியானால் அது இடப்பக்கம் இருந்திருக்கும். கதவுதான் சற்று நெருடியது: மரச்சட்டத்தில் அட்டைப்பலகை அறைந்ததைப் போலிருந்தது. படைப் பட்டறையில் மாற்றிய கதவாக இருக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, கனடியருடையதே என ஹெர்மீனா தீர்த்துவிட்டிருந்தார்.

சங்கத்தின் இன்னொரு உறுப்பினரான கிராடுஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தபடியே படத்தை எட்டிப் பார்த்தார்.

“என்ன ஆலேட், உங்கப்பா எங்க ஆளா? சொல்லவே இல்லையே!”

“யாரு, கத்தோலிக்கரா? நல்லா இருக்கே! எங்க வீட்டு உருளைக்கிழங்குகூட சீர்திருத்த சபைதான்.”

“அப்புறம் ஏன் கல்யாண மோதிரம் இடது கையில மின்னுது? இடது கையில போடுறது நாங்க. உங்க ஆளுங்க வலது கையிலதானே போடுவீங்க?”

“எங்கப்பா சாகுற வரைக்கும் வலது கையிலதான் போட்டிருந்தாரு,” என்றார் ஆலேட், ரொட்டியை வெட்டிக்கொண்டே.

ஹெர்மீனா பூதக்கண்ணாடியை எடுத்தார். மோதிரம் இடக்கையில்தான் இருந்தது. கோட்டின் பித்தான்களோ, பெண்கள் உடையில் இருப்பதைப் போல மறுபுறத்தில் இருந்தன.

“இந்தப் படம் எங்கே போட்டது?”

“வீட்டுல நெகட்டிவ்தான் இருந்துச்சு. ஸ்டூடியோவுல குடுத்துப் போட்டோம். ஏன்?”

“நெகட்டிவைத் திருப்பி வச்சுப் போட்டிருக்காங்க. எல்லாம் பக்கம் மாறி இருக்கு.” ஹெர்மீனா கண்ணாடியைக் கீழே வைத்தார். “ஸ்டியரிங்கும்தான்.”

கிராடுஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

“அமெரிக்கக்காரங்க வண்டிக்கும் இடது பக்கம்தானே?” என்றார் ஆலேட். குரல் இறங்கியிருந்தது.

“அந்தக் கதவு அமெரிக்கக் கதவு இல்லை. கடைசி வருஷம் இரும்பு கிடைக்காம மரத்துலயும் அட்டையிலயும் ஜெர்மன்காரங்க அடிச்ச கதவு அது. ஸ்டியரிங்கை நம்பி நான் அதைத் தள்ளிவிட்டேன். ஒரு மாசமா வண்டியையே பார்த்தேன். பக்கத்துல நின்ன மனுஷனைப் பார்க்கலை. தப்பு என்னோடது.”

கொட்டகையின் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. ஆலேட் வெட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“இது நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்?”

கிராடுஸ் தமது காபிக் கோப்பைக்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆலேட். இனி கனடியர் வண்டின்னு என் வாயால வராது,” என்றார் ஹெர்மீனா.

“அப்போ எங்கப்பா துரோகியா?”

“அதை லாரி சொல்லாது. மிரட்டி ஓட்ட வச்சிருக்கலாம். கூலிக்கு ஓட்டியிருக்கலாம். வழியில நின்ன வண்டியைப் பிடிச்சுக்கிட்டுப் படம் எடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது.”

“சிரிக்கிறாரே.”

ஆறுதலாக ஏதேனும் சொல்லியிருக்கலாம். ஹெர்மீனாவுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. “ஆமா,” என்றார். “சிரிக்கிறாரு.”

பிறகு வேலைமேசையில் கிடந்த லாரியின் பின்பார்வைக் கண்ணாடி ஒன்றைத் துணியால் துடைத்து, படத்துக்கு எதிரே நிறுத்திப் பிடித்தார். ஆலேட் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“வகிடு இந்தப் பக்கம்தான்,” என்றார் மெதுவாக. “சிரிச்சா வாய் கோணுறதும் இந்தப் பக்கம்தான். இதுதான் எங்கப்பா.”

கிராடுஸ் எழுந்து போய், தேவையே இல்லாமல் ஒரு சக்கரத்தின் திருகுகளை முடுக்கத் தொடங்கினார்.

“குழுவுக்குச் சொல்லணும், இல்ல?” என்றார் ஆலேட்.

“நான் பேசுறேன்,” என்று ஹெர்மீனா தொலைபேசியை எடுத்தார்.

“வேணாம், குடுங்க. கல்லுல போடச் சொன்னது நான். எடுக்கவும் நானே சொல்றேன்.”

ஹெர்மீனா தொலைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஆலேட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.