மோட்டார் மரம்

மனிதன் இதுவரை செய்த பொருள்களிலேயே மாட்டு வண்டியோடு எந்த உறவும் இல்லாதது மோட்டார் கார் ஒன்றுதான் என்று அப்துல் சுபஹான் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில், தம்முடைய வாடகைக் காரின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு சொன்னார். கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை. அந்தக் காரின் நான்கு சக்கரங்களிலும் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை என்பதை, மரியாதை கருதி, யாரும் எடுத்துச் சொல்லவுமில்லை.

அது ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கத்திரி. காருக்கு வயது இருபத்தைந்து. வெயிலில் ஆரக்கால்கள் காய்ந்து சுருங்கி, வண்டி நகர்ந்தால் ஒரு கொட்டகை நிறையக் குருவிகள் கத்துவதுபோல் கத்தின. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று வருஷாந்தர எஃப்.சி. பார்க்க, பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கி, காதைக் கொடுத்துக் கேட்கிற மனிதர். போன வருஷம் லேசாகக் கிரீச்சிட்டதற்கே, அடுத்த தடவை இந்தச் சத்தம் கேட்டால் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கையெழுத்து இல்லையென்றால் டாக்ஸி இல்லை. டாக்ஸி இல்லையென்றால் பல்லாவரம். அங்கே மச்சான் அப்துல் மாலிக்கின் தோல் ஷாப்பில், தொட்டியில் ஊறும் தோல்களைப் புரட்டிப் பார்க்கும் உத்தியோகம் ஒன்று காலியாக இருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. கடிதத்திலேயே லேசாக வாடை அடித்ததாக சுபஹான் சொன்னார். மனைவி ஹபீபா டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அண்ணன் ஊருக்குப் போவதில் அவளுக்குச் சந்தோஷமா துக்கமா என்று பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சுபஹான் சும்மா இருக்கவில்லை. பிளக்குகளை மண்ணெண்ணெயில் கழுவினார். ஹாரனுக்குப் புது ரப்பர் உருண்டை வந்தது. கூரைத் துணியின் கிழிசல்களைத் தைத்து, பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தார். ஆரக்கால்களுக்கு விளக்கெண்ணெய் விட்டார். அது போதாமல் தேங்காயெண்ணெய் விட்டார். எண்ணெய் குடித்த சக்கரங்கள் முன்னைவிடத் தெளிவான குரலில் கத்தின. மரச் சந்துகளில் தகர ஆப்பு அடித்தார். அதன் பிறகு குருவிகளோடு ஒரு தகர டப்பாவும் சேர்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம் பார்க்க மாமல்லபுரத்துச் சாலையில் போனார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலையில் ஆளே இல்லை. புளிய மரங்களின் நிழல் மடிமீது விழுந்து விழுந்து விலகியது. லேசான சரிவு வந்த இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டார். கார் தானாகவே போயிற்று. தூரத்துச் சவுக்குத் தோப்பு கரும்புகைபோல் அசையாமல் நின்றது. அதற்கு மேலே கலங்கரை விளக்கம், தரையோடு சம்பந்தமே இல்லாததுபோல், கானலில் மிதந்தது. கடல் தெரியவில்லை, உதட்டில் உப்பு மட்டும் வந்து உட்கார்ந்தது. தாம் ஓட்டுகிறோமா, இந்த வெளி தம்மைக் கடந்து போகிறதா என்று சுபஹானுக்குச் சந்தேகமாக இருந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் வியாழக்கிழமை வரவே வராது என்றும் தோன்றியது. சக்கரங்கள் மட்டும் கத்திக்கொண்டே வந்தன.

கடலோரக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு குட்டை. அதில் மாடுகளை அவிழ்த்துவிட்ட ஒரு கட்டை வண்டி, பாதிச் சக்கரம் முழுகி நின்றது. சவுக்குக் கட்டை ஏற்றுகிற திருவேங்கடம் முழங்கால் தண்ணீரில் நின்று சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தான். வெயில் காலத்தில் மரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடாமலிருக்க வண்டிக்காரர்கள் செய்கிற வேலைதான்.

"இன்னா பாய், வண்டி அழுதுகினு வர்து?" என்றான்.

"அது பாட்டு. ஒனக்குப் புரியாது."

"தாகம் பாய் அதுக்கு. இப்டி எறக்கி வுடு."

சுபஹான் காரைவிட்டு இறங்கவில்லை. "இது மோட்டாருய்யா. இதுக்குத் தண்ணி குடிக்கிற வாயி முன்னால கீது. நீ ஒன் வண்டியக் குளிப்பாட்டி, பவுடரு போட்டு, பொட்டு வச்சி இட்டுகினு போ."

"காலு மரந்தானே?"

"மரந்தான். ஆனா மோட்டார் மரம்."

திருவேங்கடம் அதை யோசித்துப் பார்த்தான். பிறகு, மோட்டார் மரம் எந்தத் தோப்பில் வளர்கிறது என்று மட்டும் கேட்டான். சுபஹான் ஹாரனை அழுத்திவிட்டு வண்டியைத் திருப்பினார். செங்கல்பட்டு வரும்வரை சாலையோரத்து மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் அவர் தரையிலிருந்து பிரேக் தட்டு வரைக்கும் கையால் அளந்து பார்த்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். எதற்கு என்று ஹபீபா கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஓர் அளவு தெரிந்திருப்பது நல்லது என்றார்.

புதன்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கொளவாய் ஏரிக் கரையில் ஒரு கார் எஞ்சின் சத்தமில்லாமல் இறங்கியது. ஏரியின்மேல் பால் ஆடைபோல் விடியல் வெளிச்சம். கார் அதற்குள் நுழைந்து, தண்ணீர் சரியாக ஒரு சாண் ஏறியதும் நின்றது. பிரேக் நனையவில்லை. ஆரக்கால்களின் கீழ்ப்பாதி மட்டும் நனைந்தது. சுபஹான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

வெயில் ஏறியது. அரை மணிக்கு ஒருதரம், சக்கரத்தின் அடுத்த பாகம் ஊறுவதற்காக, ஆரக்காலைப் பிடித்துக் கரையோரமாகவே ஒரு முழம் உருட்டினார். மற்ற நேரத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கெண்டைக் குஞ்சுகள் டயரைக் கொத்திப் பார்த்தன. அக்கரையில் ஒரு ரயில் போயிற்று. தண்ணீருக்குள் இன்னொரு ரயில் தலைகீழாக, சத்தமில்லாமல் போயிற்று. ஏரி முழுவதும் மெதுவாக நகர்கிறமாதிரி இருந்தது. இரண்டு தடவை அவர் ஹாரன் அடிக்கப் பார்த்தார்.

மத்தியானம் ஹபீபா தூக்குவாளியோடு கரைக்கு வந்தாள். ஏரிக்குள் நின்ற காரைப் பார்த்தாள்.

"யாராச்சும் கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி காட்றேன்னு சொல்லு."

அவள் வாளியை வைத்துவிட்டுப் போனாள். வெயிலில் வைத்த டிரங்குப் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கப்போவதாகத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

வெயில் சாயும்போது முன்சக்கரங்கள் இரண்டும் வாயை மூடிக்கொண்டன. பிறகு பின்பக்கத்தில் ஒன்று. நான்காவது மட்டும் இன்னும் முனகியது. சுபஹான் கரையை இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. குனிந்து, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி, மேல்பக்கத்து ஆரக்கால்களில் ஒவ்வொன்றாக, குளிப்பாட்டும் குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் அழுக்குத் தேய்க்கிற பக்குவத்தில், ஊற்றித் தேய்க்கத் தொடங்கினார்.