கேட்டுக்கு உள்ளே ஒரு தட்டு

வால்பரைசோ என்கிற துறைமுக நகரத்தின் மேட்டுத் தெருக்களில் நாய் யாருக்கும் சொந்தமில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் கேட்டுக்கு வெளியே ஒரு தட்டு வைப்பார்கள், வருகிற நாய் தின்றுவிட்டுப் போகும். உள்ளே மட்டும் விடமாட்டார்கள். நோல்ஃபாவும் காலமெல்லாம் அப்படித்தான் வைத்தாள். புருஷன் செத்துப்போன பிறகு வீடு வெறிச்சோடிப் போயிற்று. நாய்கள் காப்பகத்துக்குப் போனவள், குட்டிகளையெல்லாம் தாண்டி மூலையில் படுத்திருந்த கிழட்டு நாயைக் காட்டி, "இவன் போதும்" என்றாள். பெயர் கொரோனெல். பாதிப் பல் இல்லை, ஒரு காது கிழிசல். தெருவிலேயே கிழடாகிப் போனவன்.

வந்தவன் தின்ன வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் கம்பளி விரித்து, கறியை எலும்பு நீக்கி, சூடு ஆற்றி, ஊட்டாத குறையாக வைத்தாள். தட்டைப் பார்ப்பான், அவள் முகத்தைப் பார்ப்பான், வாலைச் சுருட்டிக்கொண்டு கதவோரம் போய்விடுவான். காப்பகத்துக்குப் போன் போட்டாள்.

"இங்க முற்றத்துல நல்லாத்தானே தின்னான்! நாளைக்கும் சாப்பிடலைன்னா கொண்டாந்துடுங்கம்மா."

திரும்பிப் போகிற கிழட்டு நாயை மறுபடி யார் எடுப்பார்கள்?

பக்கத்து வீட்டு உபெர்லிந்தா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, அவன் என்ன புது மாப்பிள்ளையா? இந்த முறுக்கு முறுக்குறான்!"

"நீ வேற எரிச்சலைக் கிளப்பாத. செத்துப்போயிடுவானோன்னு பயமா இருக்கு."

"தட்டைக் கேட்டுக்கு வெளிய வெச்சுப் பாரேன்."

"என் நாயி என்ன தெருநாயா?"

"இல்லைன்னு உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியணுமே! நாயி வாசல்ல கால் வெச்சா நாமெல்லாம் என்ன பண்ணுவோம்? தொடப்பத்தை எடுப்போம். அதை வாங்கி வாங்கித்தானே அவனும் கிழவனாயிருக்கான்?"

நோல்ஃபாவுக்குச் சுருக்கென்றது.

கேட்டைத் திறந்தால் போய்விடுவான், மூடி வைத்தால் செத்துவிடுவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திறந்தாள். தட்டை நடைபாதையில் வைத்துவிட்டு ஒதுங்கினாள். கொரோனெல் மெல்ல வந்து குனிந்தான். அடேயப்பா, என்ன தீனி! தட்டு நகர நகர விடாமல் நக்கினான். பிறகு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறக்கத்தில் இறங்கிப் போய்விட்டான்.

"கூப்பிடுடி!" என்று கத்தினாள் உபெர்லிந்தா.

"வேணாம். வயிறு ரொம்பிடுச்சுல்ல, அது போதும்."

போதவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. கேட்டைச் சாத்த மனம் வராமல் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள்.

சாயங்காலம் கடலிலிருந்து மூடுபனி ஏறியபோது கேட்டருகே நகச் சத்தம் கேட்டது. கொரோனெல். முன்னங்கால் ஒன்றை மட்டும் வாசலுக்குள் வைத்து, அடி விழுமா என்று அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். நோல்ஃபா இரண்டு கைகளையும் மடியில் விரித்துக் காட்டினாள்.

"வாடா," என்றாள். "உன் வீடுதான்டா."

அவன் அடுத்த காலையும் எடுத்து வைத்தான்.